படியேறி வரும் வாசம்

மார்ச் 3, செவ்வாய்

கம்ப்ரசரைப் பொழுது சாயும்போதே நிறுத்திவிட்டார்கள். வாசம்தான் நிற்கவில்லை. அது எப்போதும் அப்படித்தான். கீழே பட்டறையில் எல்லாரும் கை கழுவிவிட்டுப் போன பிறகு, விருந்தாளி மாதிரி சாவகாசமாகப் படியேறி வரும். வந்தால் விடியும்வரை போகாது.

பெரியப்பாவின் பட்டறையில் கதவுக்கும் நாற்காலிக்கும் வார்னிஷ் ஸ்பிரே அடிக்கிறார்கள். அதில் கலக்கிற தின்னர்தான் இப்படி மூக்கைக் குத்துகிறது. பட்டறைக்கு மேலே எங்கள் வீடு. நடுவில் ஒரு படிக்கட்டு. படி முடிகிற இடத்தில் ஒரு திரைதான் தொங்குகிறது. யார் யார் வீட்டுக் கதவுக்கோ மெருகு போடுகிறவர், இங்கே ஒரு கதவு போடவில்லை.

என் தங்கை குட்டி தூங்குகிறாள். ஐந்து வயது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது. விசில் கேட்டால் பயம். நின்றுவிட்டால் அதைவிடப் பயம் — மூச்சு சரியாகிவிட்டதா, அல்லது... உடனே எழுந்து மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் வாசத்தைப் பற்றிச் சொன்னால், "என்ன வாசம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்கிறாள். உண்மையாகவே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

குட்டியை டாக்டரிடம் அழைத்துப் போனோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அம்மா, "ஒண்ணுமில்ல டாக்டர். கீழ எங்க வீட்டுப் பெரியவரோட கடை இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

கடையா?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஸ்பிரே பெயிண்ட் அடிப்பாங்க, டாக்டர். ராத்திரி முழுக்க மேல நாறும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்தார். காற்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி சுகாதார அலுவலகத்துக்கு எழுதப் போகிறாராம்.

திரும்பி வரும்போது அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா பேசினார். அண்ணன் நம்மிடம் வாடகை வாங்குவதில்லை, குட்டிக்கு மருந்துப் புகை பிடிக்கிற மெஷினை வாங்கித் தந்ததே அண்ணன்தான், அந்த மனுஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்றார். எல்லாம் எனக்கும் தெரியும். பெரியம்மா இறந்துபோன பிறகு பெரியப்பாவுக்கு நாங்கள்தான் எல்லாம். மூன்று வேளையும் மேலே வந்துதான் சாப்பிடுகிறார். குட்டி அவர் தோளில்தான் வளர்ந்தாள்.

ஆனால் விசில்?

மார்ச் 7, சனி

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அக்கா போனில் பேசினார். அம்மா பயந்துபோய் போனை என் கையில் திணித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். முந்தின நாள் மாலையிலிருந்து ஜன்னலைத் திறக்கக் கூடாது. வீட்டைத் துடைக்கக் கூடாது. வாசனையாக எதையும் தெளிக்கக் கூடாது. கீழே எப்போதும் போல வேலை நடக்க வேண்டும். "எல்லா நாளும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும்மா. எங்களுக்காக எதுவும் செய்யாதீங்க" என்றார்.

சாப்பிடும்போது எல்லாரிடமும் சொன்னேன். அம்மாவிடம் மறுபடி ஒருமுறை சொன்னேன். தலையாட்டினாள்.

மார்ச் 10, செவ்வாய்

எனக்கு அழக்கூட வரவில்லை.

காலையில் கண் விழித்தால் எலுமிச்சை வாசம். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, தரை துடைக்கிற அந்த மஞ்சள் திரவத்தைக் கொட்டி வீடு முழுக்கத் துடைத்திருக்கிறாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. படுக்கை விரிப்புகூடப் புதிது. ஏம்மா, ஏம்மா இப்படிப் பண்ண என்றால், "வெளி ஆளு வராங்கடி. நம்ம வீட்டப் பத்தி என்ன நினைப்பாங்க" என்கிறாள்.

அந்த அக்கா பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே ஒரு மூச்சு இழுத்தார். கண்ணை மூடித் திறந்தார். "யாரு துடைச்சது?"

"நான்தான் மேடம்," என்றாள் அம்மா, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

இருந்தாலும் வந்த வேலையைச் செய்தார். குட்டி படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு தாங்கியை நிறுத்தினார். அதில் சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே கரித்தூள். கைக்கு அடக்கமான ஒரு பம்ப் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே காற்றை அந்தக் கரி வழியாக இழுக்கும். காற்றில் இருப்பது கரியில் ஒட்டிக்கொள்ளுமாம். அதை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்ப்பார்களாம். குட்டி அதற்குப் பூனை என்று பெயர் வைத்துவிட்டாள்.

பூனை இழுத்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், கீழே சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷட்டர் மூடியிருக்கிறது. பட்டறைக்கு லீவு! வேலை குவிந்து கிடக்கும்போது, அதுவும் செவ்வாய்க்கிழமை.

அப்பாதான் சொல்லியிருப்பார். அண்ணனிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மார்ச் 11, புதன்

காலையிலேயே கம்ப்ரசர் ஓடுகிறது. நேற்று மட்டும் அதற்கு என்ன காய்ச்சலா?

மார்ச் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. தின்னர் ஏதோ கொஞ்சம். கவலைப்படும் அளவுக்கு இல்லை. இந்த வீட்டுக் காற்றில் ஒன்றுதான் மிக அதிகமாம். எலுமிச்சை வாசனைத் திரவம்.

பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "பட்டறைய விடுங்க, உங்கம்மாவத்தான் பூட்டி சீல் வைக்கணும்" என்றார். அப்பா சிரித்தார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். குட்டி எதுவும் புரியாமலே சிரித்தாள், சிரிப்பின் கடைசியில் இருமினாள். யாரும் அந்த இருமலைக் கேட்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பெரிய மனுஷி, இப்ப திருப்தியா?" என்று பெரியப்பா என் தலையைத் தட்டினார். கோபமே இல்லாமல். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு ஒரு வாசமும் வரலையே கண்ணு. வந்தா சொல்ல மாட்டேனா?"

பொய். பொய். நாள் முழுக்க அதிலேயே நிற்கிறவருக்கு வராதா?

மார்ச் 25, புதன்

விசில் கேட்கிறது. போய் அந்தக் காகிதத்திடம் சொல்லவா?

மார்ச் 28, சனி

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது. எழுதினாலும் வராது.

மத்தியானம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து படியேறினேன். பாதிப் படியிலேயே கேஸ் வாசம். மேலே பெரியப்பா சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் காலடியில் குட்டி, கட்டைகளை அடுக்குகிறாள். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருக்கிறது.

ஓடிப்போய் அடுப்புக் குமிழைத் திருகி மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். குட்டியை இழுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார வைத்தேன்.

"என்னம்மா?" என்றார் பெரியப்பா. பேப்பர் இன்னும் கையில்.

"கேஸ், பெரியப்பா."

அவர் எழுந்து அடுப்பிடம் வந்தார். குனிந்து மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு குட்டியைப் பார்த்தார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா போன அன்றுகூட.

"உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றார், ரொம்ப மெதுவாக.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே வாசம் வரவில்லை. பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று இருக்கிறது இப்போது. பொய் என்றால் கோபப்படலாம். இதை என்ன செய்வது?

மார்ச் 31, செவ்வாய்

முடிவுக் காகிதத்தில் இருந்த எண்ணுக்கு, அம்மாவின் போனிலிருந்து ஒளிந்துகொண்டு பேசினேன். பம்ப் அக்கா எங்கேயோ பஸ்ஸில் இருந்தார். அன்றைக்குப் பட்டறை லீவு என்று சொன்னேன். "எனக்கே தெரிஞ்சுது. ஷட்டர் போட்டிருந்ததையும் எழுதித்தான் அனுப்பினேன். அதை யார் படிக்கிறாங்க" என்றார்.

அப்படியானால் பட்டறைக்குள்ளேயே சோதியுங்கள் என்றேன். அது அவர் வேலை இல்லையாம். வீட்டுக்குள் இருக்கும் காற்றுதான் அவர் அலுவலகத்துடையது. வேலை செய்கிற இடத்துக் காற்று வேறு துறை. தெருக் காற்று இன்னொரு துறை. "அப்ப படிக்கட்டுல இருக்கிற காத்து யாரோடது அக்கா?" என்று கேட்டேன். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பிறகுதான் அவர் வேறு வழி ஒன்றைச் சொன்னார்.

பம்ப் இல்லாமல் சட்டையில் குத்திக்கொள்கிற வில்லை ஒன்று இருக்கிறதாம். சத்தம் போடாது. யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரியவர்கள் யாராவது கேட்க வேண்டும். நான் கேட்டால் செல்லாது.

எங்கள் வீட்டில் எந்தப் பெரியவர் கேட்பார்?

ஏப்ரல் 2, வியாழன்

கீழே போனேன். வாசலிலேயே கண் எரிந்தது. பெரியப்பா மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே துப்பாக்கியில் வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆட்கள் இரண்டு பேர் நாற்காலிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதைப் படியில் ஒத்திகை பார்த்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"பெரியப்பா, அந்த அக்காவ மறுபடி வரச் சொல்லுங்க" என்று மட்டும் வந்தது.

ஆட்களின் கை நின்றது. பெரியப்பா அவர்களை டீ குடிக்க அனுப்பினார். கைக்குட்டையை இறக்கினார்.

"அன்னைக்கு எதுக்கு லீவு விட்டேன்னு நினைக்கிற? மறைக்கவா?"

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கப்பன் வந்து சொன்னான், யாரோ மேடம் வராங்கன்னு. வீட்டுக்கு வர்றவங்களுக்கு நாத்தம் அடிக்கக் கூடாதேன்னு மூடினேன்."

அம்மா மாதிரியே. அச்சு அசல் அம்மா மாதிரி! இந்த வீட்டில் வருகிறவர்களின் மூக்கைப் பற்றி எல்லாருக்கும் கவலை. இருக்கிறவர்களின் மூக்கு?

இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். பெரியப்பா துப்பாக்கியைக் கீழே வைத்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

"நம்பர் சொல்லு" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

பம்ப் அக்கா வந்தார். பம்ப் இல்லாமல். உள்ளே வந்ததும் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கும்பிட்டுக் கேக்கறேன், எதையும் துடைக்காதீங்க" என்றார். வில்லைகளை எடுக்க வரும்வரை அம்மா துடைக்கக் கூடாது. ஜன்னல் ஓரத்துத் தூசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், கட்டிப்போட்ட மாதிரி.

வில்லை ஒன்று குட்டியின் கட்டிலில். இன்னொன்று மொட்டை மாடியில், வெளிக் காற்று எப்படி என்று ஒப்பிட. மூன்றாவதைப் பெரியப்பா அவரே வாங்கி காலரில் குத்திக்கொண்டார். அது தன் வேலை இல்லை என்று அக்கா ஆரம்பித்தார். "உன் வேலை இல்லன்னா எழுதாதம்மா. எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றார் பெரியப்பா.

நாள் முழுக்க ஸ்பிரே அடித்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே. பள்ளிக்கூடத்தில் பேட்ஜ் கொடுத்த பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஆட்கள் கேலி செய்தார்களாம்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

பெரியப்பாவின் காலரில் இருந்தது, ஒருவர் வேலை செய்யும் இடத்தில் இருக்கலாம் என்கிற அளவைத் தாண்டிவிட்டது. குட்டியின் கட்டிலில் இருந்தது, ஒரு வீட்டில் இருக்கவே கூடாத அளவு. மொட்டை மாடியில் ஒன்றுமில்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் இறங்கிப் போனார்.

அப்பா கேட்டார்: "இப்ப சந்தோஷமா உனக்கு?"

மே 1, வெள்ளி

பட்டறையில் ஸ்பிரே நின்று நாலு நாள் ஆகிறது. ஆட்கள் உப்புத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் தேய்ப்பார்கள்? வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போகும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. சாப்பாடு கீழே போகிறது, பாத்திரம் மேலே வருகிறது. வேறு வீடு பார்க்க வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். காதில் விழுந்தது. நான்தானே கேட்டேன்? கேட்டது கிடைத்துவிட்டது.

பெரியப்பா இன்று மூக்கு டாக்டரைப் பார்க்கப் போனார். சின்னச் சின்னப் புட்டியாக முகரக் கொடுத்தார்களாம். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் தண்ணி" என்றாராம்.

குட்டியிடம் விசில் இல்லை. விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது.

மே 10, ஞாயிறு

படி முடிகிற இடத்தில் கதவு வந்துவிட்டது. பெரியப்பாவே இழைத்து, அப்பா மறுபக்கம் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மாட்டினார்கள். பட்டறையின் பின்சுவரில், காற்றை வெளியே இழுக்கிற பெரிய காற்றாடி. அதிலிருந்து ஒரு குழாய் மொட்டை மாடிக்கும் மேலே போகிறது.

மத்தியானம், கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஸ்பிரே அடித்துப் பார்த்தார். பிறகு படியேறி வந்து கதவைத் தட்டினார். நான் திறந்தேன்.

"மூடிட்டு உள்ள நின்னு பாரு. வருதான்னு சொல்லு."

பார்த்தேன். வந்தது. மீண்டும் இறங்கிப்போய், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கை மக்கு பூசி அடைத்துவிட்டு வந்தார். மறுபடி தட்டினார்.

"இப்ப?"

அப்பா ஹாலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் சட்டை முழுக்கத் தூசு, நெற்றியில் வியர்வை. இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போவார்கள். அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்வதுதான் அவருக்கு வாசம்.

"வருது பெரியப்பா. கொஞ்சமா."

தலையை ஆட்டினார். மக்கு பூசுகிற தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். அப்போது எனக்குப் பின்னால் அம்மா வந்து நின்றாள், கையில் ஈரத் துணியோடு. மூக்கை உறிஞ்சினாள். முகம் சுருங்கியது. இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

"எனக்கும் வருது" என்றாள்.