டிஸ்க்குக்கு வைத்த மொய்

அன்புள்ள பிளாரன்ஸ் அக்காவுக்கு,

மஸ்கட்டிலிருந்து தம்பி ரெமிஜியுஸ். பனிமய மாதா புண்ணியத்தில் சுகம். அத்தானின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நீ பெற்ற ஜாய்சனின் திமிரைக் கேள். எங்கள் குடோன் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் வந்தது. அதைப் பூட்ட மஸ்கட்டிலேயே என்னை விட்டால் ஆள் கிடையாது. டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும்போது, முதல் பாகத்தை 2048-ஆம் இடத்திலிருந்து தொடங்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 501 என்றே மொய் எழுதிய கை என்னுடையது. ஒன்று கூட்டி 2049 போட்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஊர்கிறது, லாரிக்காரன்கள் என்னை ஏசுகிறான்கள்.

துறைமுகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவனாயிற்றே என்று உன் மகனுக்குப் போன் போட்டால், ஆபீசே கேட்கச் சிரிக்கிறான்.

"டிஸ்க்குக்கு மொய் வச்ச ஆளு நீங்கதான் மாமா. உள்ள கட்டம் கட்டமா இருக்கும். ஒண்ணு தள்ளுனதால எல்லாம் ரெண்டு கட்டத்துல கால் வச்சு நிக்குது, யார்டுல கோட்டுக்கு மேல கண்டெயினர இறக்குன மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கட்டத்தத் தொடணும்லா?"

"ஏலே, தாய்மாமன்ட்ட பேசுத பேச்சாலே இது?" என்று வைத்துவிட்டேன். அவன் கல்யாணத்துக்கு மாமன் மாலையை வேறு எவனாவது போடட்டும்.

இதைக் கொண்டு வருகிறவர் கையில் மாசிக் கருவாடு கொடுத்து விடு. ஒற்றை ஆளுக்குச் சமைத்தால் எதுவும் வாய்க்கு ஏறவில்லை.

டிஸ்க் சரியாகாமல் கல்யாணத்துக்கு லீவு இல்லை என்கிறான் மேனேஜர். உள்ளிருப்பது அழியாமல் திரும்பப் பிரிக்க அந்தத் திமிர் பிடித்தவனுக்குத்தான் தெரியும். நான் கேட்டதாகச் சொல்லாதே. மாலையை நான்தான் போட வேண்டுமென்றால் அவனே போன் போடட்டும்.

ரெமிஜியுஸ்