கீழே படுத்துப் பார்த்த மிஷின்

பிப்ரவரி 6

ஏலப் பட்டியல் வந்துவிட்டது. மூடிப்போன ஒரு பெரிய பண்ணையின் சாமான்கள்: டிராக்டர்கள், கலப்பைகள், அறுவடை மிஷின்கள். நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மறுநாள் ஏலம். எனக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருந்தது. "டிராக்டர். ஓடும் நிலை தெரியவில்லை." இப்படி எழுதிப் போட்டால் ஒருத்தனும் கிட்டப் போகமாட்டான். எனக்கு அதுதான் வெல்லக்கட்டி.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஓடும் நிலை தெரியலன்னா ஓடலன்னு அர்த்தம்" என்றார். கட்டிய நாளிலிருந்து வாய் இப்படித்தான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அந்த மனுஷனுக்கு நிகர் கிடையாது.

பிப்ரவரி 7

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. பேர். நான் ஒரு வண்டி பக்கத்தில் நின்றால் நாலு பேர் வந்து நிற்கிறார்கள். நான் டயரைத் தட்டினால் அவர்களும் தட்டுகிறார்கள். பழைய இரும்பை எடைக்கு வாங்கி விற்ற காலத்தில் ஒரு நாய் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது என் கண்ணுக்கே வாடகை கேட்கலாம்.

அதனால்தான் என் கண்ணை நான் வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன். வேண்டாததைப் பார்க்க.

இன்றைக்கு வாய்த்தது ஒரு சிவப்பு அறுவடை மிஷின். புதுப் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஆயில் குச்சியை உருவினேன், பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியென்றால் என்ஜின் பிளாக்கில் வெடிப்பு, மிஷின் செத்தது. குச்சியைத் துடைத்து உள்ளே சொருகிவிட்டு, புதையல் கண்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். சாக்கை விரித்து அதன் கீழே படுத்தே பார்த்தேன். புடவை முழுக்க கிரீஸ். எழுந்தபோது மீசை பத்தடி தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக எனக்குப் போட்டி, என் புடவையின் கிரீஸைப் பார்த்தே விலை போடுகிறவன்.

அதே நேரத்தில் அவர் ஒதுங்கப் போகிற மாதிரி கொட்டகைக்குப் பின்னால் போய் டிராக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "கியர் வெண்ணெய் மாதிரி விழுது." அவ்வளவுதான் சொன்னார்.

பிப்ரவரி 8

டிராக்டர் நமக்கு. எல்லாரும் சிவப்பு மிஷினுக்காக மடியை அவிழ்த்துவிட்டுக் களைத்துப் போயிருந்தார்கள். கடைசியில் இது வந்தபோது பாதிப் பேர் வண்டி எடுக்கக் கிளம்பியாயிற்று. நான் மனசில் போட்டிருந்ததற்கும் கீழேயே முடிந்தது.

சிவப்புக்கு நல்ல அடிதடி. சூடு பிடிக்கட்டும் என்று நடுவில் நானும் ஒரு கேள்வி கேட்டு விலையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். மீசையும் யாரோ ஒரு தரகனும் ஏறிக்கொண்டே போனார்கள். தரகன் எடுத்தான். யாருக்கோ பாவம்.

பிப்ரவரி 9

டிராக்டர் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிப்ரவரி 11

தங்கச்சி போன் பண்ணினாள். "அக்கா, ஒண்ணு வாங்கியிருக்கேன். வந்து பாரு. என்னன்னு சொல்ல மாட்டேன்."

போனேன். அவள் வீட்டு வாசலில், வழியை அடைத்துக்கொண்டு, சிவப்பாக.

தரகனை அனுப்பியவள் இவள். பார்வை நாளில் வேலிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "நீ கீழ படுத்தே பாத்தியே. அக்கா படுத்துப் பாத்த மிஷின், எதுவானாலும் விடாதீங்கன்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன். உனக்குப் போட்டியா வாங்கிட்டேன்னு கோவமா?"

"என்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீயே வாங்கிக் குடுப்ப. அப்புறம் சாகற வரைக்கும் அது அக்கா வாங்கிக் குடுத்த மிஷின்."

அவள் வீட்டுக்காரர் லாரி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு வாரம்தான், பிறகு மிஷினை அவரே ஓட்டுவார். வீடு கட்ட வைத்திருந்த மனை இதற்காக விற்றுப் போய்விட்டது. அடுத்த மாதம் அறுவடை. வாடகைக்கு ஓட்ட நாலு இடத்தில் பேசியும் வைத்திருக்கிறாள்.

"நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? "அவர் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12

ஏலத்தில் எடுத்ததைத் திருப்ப முடியாது. இருப்பதை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த விதியை வைத்துத்தானே நான் இத்தனை வருஷம் பிழைத்தேன்.

அவரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிடு" என்றார்.

"சொன்னா?"

"திட்டுவா. வாங்கிக்கோ. கூடப் பிறந்தவ திட்டினா தோல் உரிஞ்சுடாது."

இவருக்கு வியாபாரம் தெரியாது. அவள் போட்ட காசும் திரும்பி வர வேண்டும், நான் கொடுத்ததாகவும் தெரியக் கூடாது. அதற்கு வழி இருக்கிறது. மீசையைக் கூப்பிட்டு, தனக்கு வேண்டும் என்று அவளிடம் விலை பேசச் சொன்னேன். பணம் என்னுடையது.

விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "உன்னை நம்பி நான் ஏமாறாத ஒரு தடவை, உன் தங்கச்சி ஏமாந்துட்டாளா?" போகிறேன் என்று ஒத்துக்கொண்டான். நல்லவன்தான், மீசையைக் கழித்துவிட்டால்.

பிப்ரவரி 14

கெட்டது குடி.

மீசை போய் அவள் வாங்கிய விலைக்கு மேலேயே கேட்டிருக்கிறான். அவள் காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, "தர மாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் போன கையோடு எனக்குப் போன். "அக்கா, மீசைக்காரரே வீடு தேடி வந்துட்டாரு. அப்ப இது எப்பேர்ப்பட்ட மிஷினா இருக்கணும்? இனிமே இரட்டை விலை குடுத்தாலும் குடுக்கறதா இல்ல."

சேற்றில் நின்ற வண்டியை ஆக்ஸிலேட்டரை மிதித்தே இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கிவிட்டேன்.

பிப்ரவரி 15

சொல்லிவிட்டேன்.

"அந்த மிஷினை நான் வாங்கறதுக்குப் பாக்கல. மத்தவங்க பாக்கணும்னு பாத்தேன். என்ஜின் போயிடுச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

எழுந்து வாசலுக்குப் போனாள். ஆயில் குச்சியைக் காட்டச் சொன்னாள். அவளே உருவினாள். அந்தப் பழுப்பை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"மீசைக்காரர்?"

"நான்தான் அனுப்பினேன்."

"ஏலத்துல நடுவுல நீயும் ஒரு தடவை கேட்டதா தரகர் சொன்னாரு."

"கேட்டேன்."

"அதுல விலை ஏறிச்சு."

"ஏறிச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "காப்பி சாப்பிட்டுப் போ" என்றாள். வருகிறவர் போகிறவரிடம் சொல்கிற மாதிரி. அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

நான் என்ன திருடினேனா? பூட்டை உடைச்சேனா? ஒரு மிஷினைப் பாத்தேன், அவ்வளவுதான். கண்ணு என்னுது, எங்க வேணா பாப்பேன். வேலிக்கு வெளிய இவ நிக்கறான்னு நான் ஜோசியமா பாக்க முடியும்? — சரி, இவ இல்ல, வேற யாரோ ஒருத்தி நின்னு, அவ மனையை வித்திருந்தா? அப்ப பரவாயில்லையா? "யாருக்கோ பாவம்"னு எழுதிட்டுத் தூங்கியிருப்பேன். தூங்கினேனே.

பிப்ரவரி 17

போன் வரவில்லை. நானும் போடவில்லை. டிராக்டருக்கு நல்ல விலை கேட்டு ஆள் வந்தது; கொடுத்துவிட்டேன். கை நிறைந்தது.

பிப்ரவரி 20

பழைய மிஷின்கள் போட்டிருக்கும் எங்கள் யார்டின் கேட்டைத் திறக்கும்போதே தங்கச்சி நின்றிருந்தாள். கூட அவள் வீட்டுக்காரரும் நான் பார்த்திராத ஒரு மெக்கானிக்கும். வணக்கம் வழக்கம் ஒன்றும் இல்லை. நேராக மூலைக்குப் போனாள். அங்கே தீப்பிடித்த பச்சை மிஷின் ஒன்று வெகு நாளாகக் கிடக்கிறது. அறுக்கிற பாகமெல்லாம் வெந்துவிட்டது, என்ஜின் தப்பித்தது.

"இந்த என்ஜின் சிவப்புல உக்காருமாம். என்ன விலை?"

"எடுத்துட்டுப் போடி. விலையா கேக்கற?"

"சும்மா குடுத்தா வேண்டாம். அக்கான்னு பேசாத, யாவாரின்னு பேசு."

சரி என்று விலை சொன்னேன். நியாயமான விலை. அவள் பாதிக்குக் கேட்டாள். எரிந்த இரும்பு, தூசு, எலிக்கூடு என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். மெக்கானிக் குச்சியை உருவிப் பார்த்துத் தலையாட்டினான். நான் "சுத்தமான என்ஜின், என்னை நம்பு" என்றேன்.

"உன்னை நம்பி இல்ல. ஆயிலைப் பாத்து வாங்கறேன்."

சுருக்கென்றது. ஆனால் வாங்குகிறவள் பேச வேண்டிய பேச்சுதான். நானே நூறு பேரிடம் பேசியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று பாக்கி வைத்திருந்தாள். "ஏலத்துல ஒரு கேள்வி ஏத்தினியே. அதுல ஏறின காசைக் கழி."

கழித்தேன். என்ஜினை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் என் பின்னாலேயே வந்து, "தங்கச்சியா அது? உன்னையே ரெண்டு தடவை பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

மார்ச் 9

சிவப்பு ஓடுகிறது. அவள் சொல்லவில்லை, மீசை சொன்னான். நாலு வயல் முடித்தாயிற்றாம். வாடகை மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைத்து வாங்குகிறாளாம். கெட்டிக்காரி, பாழாய்ப் போனவள்.

ஏப்ரல் 18

இன்று இன்னொரு ஏலம். எனக்கு ஒரு வைக்கோல் கட்டும் மிஷின் மேல் கண். ஆனால் இந்தத் தடவை எதன் கீழும் படுக்கவில்லை, எதற்கும் முகத்தை மலர்த்தவில்லை, கேள்வி ஏற்றி விளையாடவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டு நடந்தேன்.

தங்கச்சி வந்திருந்தாள். வேலிக்கு வெளியே இல்லை, உள்ளே. கழுத்தில் அவள் பேருக்கே அனுமதி அட்டை. என் பக்கம் திரும்பவில்லை.

வைக்கோல் மிஷின் வந்தது. கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி. ஏற்றினேன். அங்கேயும் ஏறியது. திரும்பிப் பார்த்தால் இவள் கை தூக்கிக்கொண்டிருக்கிறாள். மீசை இரண்டு பக்கமும் பார்த்துக் கழுத்து வலிக்க வேடிக்கை பார்த்தான். என் கணக்கு எங்கே முடிகிறதோ அதுவரை கேட்டேன். அவள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டு எடுத்துக்கொண்டாள். நான் வேண்டுமென்று விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றேன்.

வெளியே வந்து கேட்டேன். "அதைத்தான் எடுக்கணும்னு எப்படிடி தெரிஞ்சுது?"

"எல்லாத்தையும் பாத்த. அது பக்கம் வரும்போது மட்டும் வானத்தைப் பாத்த."

ஏற்றிப்போக எங்கள் லாரி வேண்டும் என்றாள். வாடகை சொன்னேன். அநியாயம் என்றாள். இழுபறிக்கு அப்புறம் ஒரு விலைக்குப் படிந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

மிஷினைக் கட்டி முடித்ததும் அவள் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றார். "நீங்க முன்னால போங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, லாரியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வீடு வந்து சேரும்வரை வாயை மூடவில்லை.