இரண்டு அம்பாசடர், ஒரே சஸ்பென்ஷன்

என் அருமை மச்சானுக்கு,

உங்கள் அம்பாசடர் செங்கல்லை விட்டு இறங்கிவிட்டது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம்மைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் உண்டா? போத்தனூரில் உங்களுக்கு ஒரு கார், பொள்ளாச்சியில் எனக்கு ஒரு கார். இரண்டுக்கும் சேர்த்து உருப்படியான முன் சஸ்பென்ஷன் ஒன்றே ஒன்று. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் எவ்வளவு அலைந்தும் இன்னொரு செட் தேறவில்லை. கிறிஸ்துமஸுக்கு அது என் வண்டிக்கு வரும், ஈஸ்டருக்கு உங்கள் வண்டிக்குப் போகும். மற்ற வண்டி முன்சக்கரம் இல்லாமல் செங்கல்மேல் நிற்கும்.

கோணிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "மூட்டையில என்னங்க?" என்பார். "எங்க மாப்பிள்ளையோட காருங்க. கொஞ்சங் கொஞ்சமா ஊடு போய்ச் சேருது" என்பீர்கள்.

போன வருடம் ஈஸ்டர் வரும் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். செட் அப்போது என் வண்டியில் இருந்தது. உங்களைக் கல்லறைக்கு வாடகை வேனில்தான் கொண்டுபோனோம். வாசலில் உங்கள் கார் செங்கல்மேல் நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை மச்சான்.

அக்காவுக்கும் தாங்கவில்லை. "இரும்புக்காரனுக்குப் போட்டுரு கண்ணு. கதவத் தொறந்தா அதுதான் நிக்குது" என்றாள். நானும் தலையாட்டினேன். அதற்குள் உங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "அப்பா வண்டியிலதானுங்க மாமா கோவிலுக்குப் போவேன்" என்றாள். தாய்மாமன் நான் என்ன சொல்ல முடியும்?

பட்டறைக்காரர் ஒருவரை வைத்து என் வண்டியிலிருந்து கழற்றினேன். அதே கோணி, அதே பஸ். கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பூட்டுவதை மட்டும் வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை. டார்ஷன் பார் என்கிற அந்த நீளக் கம்பி ஒரு பக்கம் முறுகிப் பழகிவிட்டால் மறுபக்கத்துக்கு ஆகாது, மாற்றிப் போட்டால் முறிந்துபோகும். அதற்காகத்தானே நாம் ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டோம்? வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் உங்களுக்கு. அன்று வலப்பக்கத்தை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "ஆச்சுங்க மாப்ள" என்று அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வருவதற்காகக் காத்திருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அக்கா வெளியே வந்து பார்த்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அவரு வரமாட்டாரு கண்ணு. நான் புடிக்கறேன், நீ முடுக்கு."

இரும்புக்குப் போடச் சொன்னவள்தான், மச்சான். அந்தக் கம்பியை மடியில் வைத்திருந்தாள். சேலையெல்லாம் கிரீஸ். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

நேற்று கல்யாணம் முடிந்தது. நான்தான் ஓட்டினேன். வண்டி இடப்பக்கம் லேசாகத் தணிந்திருக்கிறது, நீங்களாக இருந்தால் திட்டியிருப்பீர்கள். கோவில் பக்கத்து மேட்டில் ஏறி இறங்கியபோது பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லா, "அப்பா ஓட்டற மாதிரியே இருக்குதுங்க மாமா" என்றாள்.

கிளம்பும்போது அக்கா கேட்டாள், "கிறிஸ்துமஸ் வருதே. உன்ற மொறையாச்சே, எப்பக் கழட்டிக்கற?"

கொடுக்கவும் வாங்கவும் இரண்டு பேர் இருந்தவரைக்கும்தான் அது முறை. இனி என்ன முறை? பொள்ளாச்சியில் என் கார் செங்கல்மேலேயே நிற்கட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் வெறுங்கையோடு போத்தனூர் வருவேன். உங்கள் வண்டியில் அக்காவை உங்களிடம் கூட்டிக்கொண்டு வருவேன். செட்டைத் திருப்பிக் கேட்க மாட்டேன். இடப்பக்கத்தை இனி அக்கா பார்த்துக்கொள்வாள்.

வலப்பக்கத்திலிருந்து,
உங்கள் மச்சினன்
அருள்