குளியலறைக் கதவு எந்தப் பக்கம்

மதினி,

இன்ஜினியர் அண்ணாச்சி நடையில் போட்டுவிட்டுப் போன சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கிறது. குளியலறை நிலையின் ஓரத்தில் தொடங்கி, கால்வட்டமாக வளைந்து, சாமி அலமாரிக்கு நேர் முன்னால் வந்து முடிகிறது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினால் அது வீசிவரும் தூரம் அவ்வளவு. மூன்று நாளாக விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனேன். தாண்டும்போதெல்லாம் உங்கள் நினைவு.

உங்கள் தம்பி கடையில் மூட்டை இறக்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறார், வாக்கரோடு. "பாத்ரூமை சரிபண்ணாம அனுப்ப எனக்கே பயமா இருக்கும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதே குளியலறைதான்.

நல்ல ஆளாகத் தேடினேன். வந்தவர்கள் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு, என்னிடம் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். டைல்ஸ் கடையிலிருந்து வந்தவர் கேட்டது ஒன்றுதான்: நீலமா, பச்சையா? "ஸ்டார் ஓட்டல் கணக்கா ஆக்கிருவோம் அக்கா" என்றார். அடுத்து வந்த கான்ட்ராக்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வீட்ல ஆம்பிளையாளு இல்லியா?" என்றார். "ஆஸ்பத்திரில இருக்காவ. அவுகளுக்காகத்தான் இந்த வேலையே" என்றேன். "அப்போ அவுக வந்த பொறவு பேசிக்கிடுதேன்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண்தான் இந்த அண்ணாச்சியைச் சொன்னாள். துறைமுகக் குடியிருப்பில் இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரியதாழைக்காரர். வந்தவர் சுவரை அளக்கவேயில்லை. எந்தக் கால்? எவ்வளவு உயரம்? நின்று குளிப்பாரா, உட்கார்ந்தா? எந்திரிக்கும்போது எதைப் பிடிப்பார்? எழுதி எழுதி எனக்கு ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.

"இப்போ தொறங்கம்மா, பாப்போம்."

தள்ளினேன். நாலு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது.

நீங்கள் விழுந்த அன்று மாதிரியே, மதினி. அன்றைக்கும் அவ்வளவுதான் திறந்தது. உள்ளே கொண்டித் தாழ் போடாதீர்கள் என்று நான் கெஞ்சியதை அன்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். இருந்தும் கதவு வரவில்லை. விழுந்து அதற்குக் குறுக்கே கிடந்தீர்கள். உங்கள் தம்பி தோளைக் கொடுத்து முட்டப் போனார். உள்ளிருந்து உங்கள் குரல்: "ஏளா, அவன அங்கிட்டுப் போகச் சொல்லு. மொதல்ல ஒரு சேலைய நீட்டு." நீட்டினேன். உடம்பை மூடிக்கொள்ளட்டும் என்று எல்லோரும் காத்து நின்றோம். ஜன்னலை உடைக்கவில்லை, கதவில் கை வைக்கவில்லை. நீங்கள் "ம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும் என்று இருந்தோம். அந்த "ம்" வரவேயில்லை.

விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உங்கள் முழங்கால் வலிக்காகப் புறவாசலில் இருந்த குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, மேஸ்திரி கதவை வெளிப்பக்கம் திறக்கும்படிதான் வைத்தார். குளியலறைக் கதவு சாமிக்கு முன்னால் ஆடக் கூடாது என்று திருப்பி மாட்டச் சொன்னது நான். உங்கள் தம்பி அப்போது கடையில் இருந்தார். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "நான் குளிக்குததையா உன் முருகன் பாத்துக்கிட்டு இருக்கப் போறான்? அவனுக்கு வேற சோலி இல்லியாளா?" நான் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி வெளியே வந்துதான் அந்தக் கோட்டைப் போட்டார். அலமாரியையும் என் முகத்தையும் பார்த்தார். "சாமி விஷயத்துல நான் வாய் தொறக்க மாட்டேம்மா. நான் மாதா கோயிலுக்குப் போறவன். கதவு விஷயம் மட்டும் சொல்லுதேன். டைல்ஸெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். படிய எடுக்கணும், கைப்பிடி வைக்கணும், கதவு வெளிய தொறக்கணும். அதுக்குச் சம்மதமில்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் செய்ய மாட்டேன்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உங்கள் தம்பி ஒரே வார்த்தையில் முடித்தார். "சாமிய அசைக்காத. நான் என்ன கெழவனா? பாத்துக் குளிச்சுக்கிடுதேன்."

"மதினியும் அப்படித்தான் சொன்னாவ" என்றேன். அதற்குப் பிறகு எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது வெளியே வந்துவிட்டது. "அந்தக் கதவ உள்பக்கம் திருப்பச் சொன்னது நாந்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலாம். கடைசியில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முருகன தெக்கு அறைல வை. நீ மணியடிக்குதது எனக்குக் கேக்கணும்" என்றார்.  

நேற்றுப் படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துப் போனேன். பொறுத்துக்கொள் அப்பனே என்று சொல்லிச் சொல்லித்தான் ஆணியில் மாட்டினேன். இன்று காலை தச்சர் கதவை மாற்றி முடித்தார். "நீங்களே தொறந்து பாருங்கம்மா" என்று அண்ணாச்சி விலகி நின்றார்.

என் பக்கமாக இழுத்தேன், மதினி. எங்கும் முட்டாமல் முழுசாக வந்தது. உள்ளே காய்ந்த தரை மட்டும்தான் இருந்தது. எனக்குத் தெரியும். இருந்தும் அன்று சேலை நீட்டிய கையை உள்ளே நீட்டியபடி நின்றுவிட்டேன்.

"என்னம்மா, சரியா இருக்கா?" என்று அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டார். கதவைச் சாத்தி, இன்னொரு தடவை முழுசாகத் திறந்து பார்த்தேன்.