செக்ரிகேஷனும் நாரணாபுரத்துத் தண்ணீர்ப் பானையும்

4-9-63
ஆசிரியர் சண்முகவேல் மதுரையிலிருந்து கார்டு போட்டிருக்கிறார்: "அமெரிக்கச் செய்தியில் தினமும் 'செக்ரிகேஷன்' வருகிறது. அதன் பொருளும் பிறப்பும் ஒரு பத்தி எழுதும்." இருபத்தாறு வருஷமாக நிருபர் நான். அதை 'நிற வேற்றுமை' என்றே எழுதித் தள்ளியிருக்கிறேன். சரிதானா?

5-9-63
சரியில்லை! விருதுநகர் நூலகத்துப் பெரிய அகராதியில் கண்டேன். லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. 'சே' என்றால் தனியே. மந்தையை விட்டுத் தனியே நிறுத்துவது. வேறாக இருப்பதற்கும் வேறாக்கி வைப்பதற்கும் எவ்வளவு தூரம்! யாரோ ஒருவர் கையில் கோல் இருக்கிறது.

உட்கார முடியவில்லை. ஆமத்தூருக்குச் சைக்கிளை மிதித்தேன். ஆட்டுக்காரர் பெத்தணனிடம், எப்போது ஆட்டைப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

"சீக்கு வந்தாப் பிரிப்போம். தேறுனா சேத்துருவோம். சும்மா பிரிச்சா கத்தியே செத்துரும்லா? இதுக்கா இந்த வெயில்ல வந்தீக?"

9-9-63
நாரணாபுரம். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சிறு தீ. புஞ்சைக்காரர் மகள் மூக்கம்மாளின் பாவாடை பற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்த காலனிப் பெண் அய்யம்மாள் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி ஊற்றி அணைத்தாள். காலனிப் பெண்கள் அந்தப் பானையைத் தொடக் கூடாது. மற்றவர் மொண்டு ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும்.

அய்யம்மாளுக்கு வேலை போயிற்று.

போர்மேன் சின்னச்சாமி: "நான் என்னய்யா செய்ய? அவ தொட்ட பானையில மத்தவுக குடிப்பாகளா?"

அமெரிக்கா எதுக்கு, லத்தீன் எதுக்கு — இந்தா, இங்கனயே இருக்கே!

10-9-63
அய்யம்மாளைப் பார்த்தேன். பெயரைப் போட்டால் வேறு கம்பெனியும் சேர்க்காமல் போகலாம் என்று சொன்னேன். "எழுதுங்கய்யா. பானை ஒடைஞ்சுச்சுன்னு மட்டும் எழுதிராதீக. பதனமா எறக்கித்தான் வச்சேன்."

அப்படியே எழுதினேன்.

15-9-63
பத்தி பேப்பரில் வந்துவிட்டது. ஒரு வரிகூட வெட்டவில்லை!

18-9-63
கம்பெனியில் அசைவில்லை.

23-9-63
மூக்கம்மாள் முழங்காலில் கட்டோடு இன்று வேலைக்கு வந்தாள். மத்தியானம் புதுப்பானையில் மொண்டு நீட்டிய தண்ணீரை வாங்கவில்லையாம். "அய்யம்மாக்கா மொண்டு குடுத்தாத்தான் குடிப்பேன்." மற்றப் பெண்களும் எழுந்து வெளியே வந்து வேம்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். தீபாவளி ஆர்டர், லாரி வாசலில்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். காலனி முக்கில் சின்னச்சாமி சைக்கிளோடு நிற்கிறார். எதிரே அய்யம்மாள்.

"நீங்க போங்க, நான் நடந்தே வாரேன்" என்றாள்.

"கேரியர்ல ஏறு தாயி! லோடு நிக்குது."