பல்லவிக்கு முன்னால் ஒரு மூச்சு

லாஸ் ஏஞ்சலஸ்
6 பிப்ரவரி 1978

அன்புள்ள முசுடனுக்கு,

உன் அப்பாவின் இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது? ஐஸில் சறுக்கி விழுந்த மறுநாளே விறகு பிளக்கக் கோடாரி கேட்டாராம், டூயி சொல்லிச் சிரித்தான். உன் பிடிவாதம் யாருடைய சொத்து என்று இனி கேட்க மாட்டேன்.

போனில் நீ கத்துகிறாய், நான் ரிசீவரை வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். காகிதத்தில் கத்தினால் எனக்குக் கேட்காது.

இத்துடன் புது ஆல்பத்தின் டேப் வருகிறது. தயாரிப்பாளர் ஃபென்விக் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருக்கிறார். 'அலைத்தடுப்பு' பாட்டுதான் முதலில் ரேடியோவுக்குப் போகுமாம். வழக்கம்போல உங்கள் வீட்டு சானாவில், அந்த நீராவிக் குளியலறையில் வைத்துக் கேளுங்கள். கல்லடுப்பில் தண்ணீர் ஊற்றி, ஆவி மூச்சை முட்டும்போது வெளி அறையில் டேப்பை ஓட விடு. பாட்டு முடியும்வரை ஒருவரும் எழுந்து பனிக்கு ஓடக்கூடாது. ஓடினால் அந்தப் பாட்டு தேறவில்லை. சட்டம் போட்ட நானே இந்த முறை உங்களோடு இல்லையே என்று வருத்தம்தான்.

கூடவே உன் ஒப்புதல் பத்திரமும் இருக்கிறது. நாம் நால்வரும் கையெழுத்திட்டால்தான் கம்பெனி இசைத்தட்டைக் கடைகளுக்கு அனுப்பும். போன ஆல்பம் ஊற்றிக்கொண்டது உனக்கே தெரியும். இதுவும் வராமல் போனால் 'நார்த் பியர்' என்று ஒரு குழு இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதுதான். உன் கிட்டாரைக் குறை சொல்லாமல் பத்திரத்தைச் சீக்கிரம் அனுப்பு.

என்றும் உன்,
லோவெல்


மார்க்கெட் நகரம், மிச்சிகன்
13 பிப்ரவரி 1978

அன்புள்ள லோவெல்,

அப்பா நலம். கோடாரியை ஒளித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சானாவை மூட்டினோம். நான், டூயி, கிளெம். கிளெம் தன் பாஸ் கிட்டாரைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். டூயி மேல்பலகையில் உட்கார்ந்து வழக்கம்போல் அடுப்பில் தண்ணீரை அள்ளி ஊற்றி எங்களை வேக வைத்தான். 'அலைத்தடுப்பு' வந்தது. முதல் பல்லவி முடிந்ததும் எழுந்து வெளியே போனான். சூடு தாங்காமல் போகிற ஆள் இல்லை அவன். பின்னாலேயே போனேன். இடுப்பில் துண்டோடு பனியில் நின்றுகொண்டு, கோபமே இல்லாமல் கேட்டான்:

"நல்லா வாசிக்கிறான்டா. டிரம்ஸ்ல யாரு அவன்?"

எனக்கு விளங்கவில்லை. "என்னடா, நீதானே வாசிச்ச" என்றேன். என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

திரும்பப் போய் நான் மட்டும் கேட்டேன். பல்லவி வருமுன் டூயி எப்போதும் ஒரு துளி முந்துவான். அவன் முந்தும்போது நீ மூச்சை இழுத்துக்கொண்டு அவனோடு குதிப்பாய். நானும் கிளெமும் பின்னால் ஓடி வந்து பிடிப்போம். மதுக்கடையில் வாசித்த காலத்திலிருந்து நம் பாட்டு அப்படித்தான். இந்த டேப்பில் நீ குதிக்கிறாய், டிரம்ஸ் குதிக்கவில்லை. அது நிதானமாகத் தன் நேரத்துக்கு வருகிறது. டூயியை வெட்டி எடுத்தவர்களுக்கு உன் குரலிலிருந்து அவனை வெட்டத் தெரியவில்லை.

எத்தனை பாட்டில் இப்படிச் செய்தீர்கள்? யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? பத்திரம் என் மேசையில் கிடக்கிறது. பதில் வரும்வரை அங்கேதான் கிடக்கும்.

அர்விட்


லாஸ் ஏஞ்சலஸ்
20 பிப்ரவரி 1978

அர்விட்,

நான்கு பாட்டில். யாரைக் கேட்பது? நீ ஃபென்விக்கோடு சண்டை போட்டுவிட்டு அப்பாவைச் சாக்கு வைத்துக் கிளம்பிவிட்டாய். டூயி மனைவியின் பிரசவத்துக்குப் போய்விட்டான், கிளெமும் அவனோடு ஊர் திரும்பிவிட்டான். இங்கே கம்பெனிக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கூட இருந்தவன் நான் ஒருவன்தான். டூயியின் தாளம் முந்தி ஓடுகிறது, ரேடியோவில் எடுக்க மாட்டார்கள் என்றார்கள். ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். டேல் ரென்ஃப்ரோ என்று பெயர். ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனான். இசைத்தட்டின் அட்டையில் டூயியின் பெயர்தான் இருக்கும். வெளியே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

நீ எனக்கு நியாயம் சொல்லாதே. இரண்டாவது ஆல்பத்தில் கிளெம் வீட்டுக்குப் போனபிறகு அவன் வாசித்ததை அழித்துவிட்டு நீயே பாஸ் வாசித்தாயே, அது என்ன? அப்போது "பாட்டுதான் முக்கியம்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ செய்தால் கலை, நான் செய்தால் துரோகமா?

கையெழுத்துப் போடு. டூயியிடமும் பக்குவமாக எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பான்.

லோவெல்


மார்க்கெட்
27 பிப்ரவரி 1978

லோவெல்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கிளெம் வீட்டுக்குப் போனேன். இனி உன் கையில் அந்தக் கத்தி இருக்கக்கூடாது என்று, அவன் வாசித்ததை அழித்த கதையை நானே அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் காருக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே கூட வரவில்லை. "எனக்கு அவ்வளவு நல்லா வராதுன்னு எனக்கே தெரியாதா? தட்டு வந்த அன்னைக்கே தெரியும்" என்றான். ஸ்பானரை எடுத்துத் தரச் சொன்னான். கொடுத்தேன். இத்தனை வருஷமும் மேடையில் நான் வாசித்ததைத்தான் அவன் கற்றுக்கொண்டு வாசித்திருக்கிறான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இது இன்னொரு முறை நடக்க விடமாட்டேன். வெளியே ஒருவருக்கும் தெரியாது என்கிறாய். டூயியின் அம்மா தட்டு வாங்கித் தெரு முழுக்கப் போட்டுக் காட்டுவாள். அவன் பக்கத்தில் நின்று, வேறொருவன் வாசித்ததற்குச் சிரித்துக்கொண்டே நன்றி சொல்ல வேண்டும். அதைச் செய்யச் சொல்லி அவனிடம் நான் பக்குவமாகப் பேச வேண்டுமாம்.

டூயி வாசித்தது டேப்பில் எங்கோ இருக்கும். அதைத் திரும்பப் போடு. இல்லாவிட்டால் என் கையெழுத்து கிடையாது. ஆல்பம் வராது, குழு இருக்காது என்றால், சரி.

அர்விட்


லாஸ் ஏஞ்சலஸ்
8 மார்ச் 1978

அன்புள்ள அர்விட்,

டூயியின் பத்திரம் நேற்று வந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறான். உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். கூடவே குழந்தையின் போட்டோ, அதன் பின்னால் இரண்டு வரி: 'வாசித்தவன் பெயரை அட்டையில் போடு. என் பெயர் அந்த நாலு பாட்டில் வேண்டாம்.' கிளெமும் போட்டுவிட்டான். மிச்சம் நீ ஒருவன்தான்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. சுற்றுப்பயணத்துக்காக ரென்ஃப்ரோவோடு ஒத்திகை பார்க்கச் சொன்னார்கள். பிரமாதமான ஆள். ஆனால் ஒவ்வொரு முறையும் பல்லவிக்கு முன்னால் நான் மட்டும் முதலில் போய் நிற்கிறேன். அவர் பாவம், "உங்க இஷ்டத்துக்கு வாங்க சார், நான் பிடிச்சுக்கிறேன்" என்கிறார். நிதானமாகப் பாட முயன்றால் மூச்சு பாதியில் தீர்ந்துவிடுகிறது. ஃபென்விக் எதையும் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் என் குரலில் ஏதோ ஏக்கம் தெரிகிறதாம்.

மாதிரிக்காக முதல் தட்டு அச்சாகி வந்ததும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். 25ஆம் தேதி, சனிக்கிழமை. சானாவை மூட்டி வை. நால்வரும் உட்கார்ந்து கேட்போம். எல்லோரும் கடைசிவரை இருந்தால் சேர்ந்து பயணம் போவோம், டிரம்ஸில் டூயிதான். கம்பெனி என்ன சொன்னாலும் சரி. ஃபென்விக்கிடம் நானே பேசுகிறேன்.

என்றும் உன்,
லோவெல்


மார்க்கெட்
27 மார்ச் 1978

லோவெலுக்கு,

சனிக்கிழமை மத்தியானமே சானாவை மூட்டிவிட்டோம். அப்பா ஊன்றுகோலோடு வந்து தன் கையால் விறகு அடுக்கினார். நீ வருவாய் என்று கிளெம் விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தான். வந்தது பார்சல்தான். உள்ளே தட்டும், ஃபென்விக்கின் காரியதரிசி தட்டச்சு செய்த குறிப்பும் இருந்தன. பத்திரிகைக்காரர்களைச் சந்திக்க உன்னை நியூயார்க்குக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பயணத்துக்கு ரென்ஃப்ரோவே உறுதியாகிவிட்டாராம். அதைக்கூட உன் கையால் எழுதாமல் போய்விட்டாயே.

இருந்தாலும் கேட்டோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, வீணாக்குவானேன் என்றான் டூயி.

அட்டையை வாங்கி ரென்ஃப்ரோவின் பெயரைப் படித்துப் பார்த்து, சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக் கீழே வைத்தான். 'அலைத்தடுப்பு' வந்ததும் அவன் போய்விடுவான் என்று நானும் கிளெமும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் போகவில்லை. பலகையில் உள்ளங்கையால் தட்டத் தொடங்கினான். ஈரக் கை, மெதுவான சத்தம். ரென்ஃப்ரோ ஒரு பக்கம் நிதானமாக வாசிக்க, இவன் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே வந்து, பல்லவிக்கு முன்னால் அந்தத் துளி முந்தினான். அதே இடத்தில் நீ மூச்சை இழுத்தாய். அவன் கையும் உன் குரலும் சேர்ந்து குதித்தன. பாட்டு சரியாகிவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

அதைக் கேட்டுவிட்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குப் போனேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டூயி கடைசிவரை இருந்தான், கிளெம் இருந்தான். நடுவில் போனவன் நான். சட்டம் உனக்குத் தெரியும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். டூயி கேட்டுக்கொண்டான், அதனால் போட்டேன். தட்டு நன்றாகப் போகட்டும், மனதாரச் சொல்கிறேன். பயணத்துக்கு நான் வரவில்லை. கிட்டாருக்கும் ஒரு மத்தியானத்தில் வாசித்துவிட்டுப் போகிற ஆள் அங்கே கிடைப்பான்.

மேடையில் அந்த இடம் வரும்போது நீ மறுபடியும் முந்துவாய். அதை மட்டும் திருத்திக்கொள்ளாதே.

அர்விட்