கட்டைக்கு அடியில் இருந்த முத்திரை

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள். போருக்குப் போய்வந்தவர்கள் வீட்டிலிருக்கும் பொருள்களையும் வாங்கி வைக்கலாம் என்று இயக்குநருக்கு யோசனை. "உங்க மாமனார்கிட்ட ஒரு துப்பாக்கி இருக்காமே" என்றார். யார் போட்டுக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. மாமா ஓய்வுபெற்ற அன்று அவருடைய படைப்பிரிவு கொடுத்தது. குழலில் ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள், வெடிக்காது.

அதன் கதை இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பாலத்துச் சண்டையில் எதிரிச் சிப்பாய் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், மாமாவுக்கு நேரெதிரே வந்து நின்றுவிட்டான். மாமா சுடவில்லை. கீழே வை என்று கையைக் காட்டினாராம், வைத்துவிட்டான். அவன் கைதியாகப் போனான், அவன் துப்பாக்கி நம் ராணுவக் கிடங்குக்குப் போனது. பல வருஷம் கழித்து அதையே தேடியெடுத்து மாமாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதற்குக் கணக்கில்லை. இவர் (என் வீட்டுக்காரர்) "ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து போய்விடுவார். நான் மருமகள், எழுந்து போக முடியாது.

கேட்டதும் தந்துவிட்டார். "எழுதறப்போ அந்தப் பையனைப் பத்தியும் எழுதுவியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 6, வியாழன்

துப்பாக்கியைக் கீழே இறக்கித் துடைத்தேன். மாமா பக்கத்திலேயே நின்றார், கைக்குழந்தையை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டவர் மாதிரி.

அந்தப் போரில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் துப்பாக்கிதான். மூன்றாவது நாட்டுத் தொழிற்சாலை ஒன்று இரண்டு பேருக்கும் விற்றது. வியாபாரிக்கு என்ன வந்தது? எது யாருடையது என்று சொல்ல முத்திரை ஒன்றுதான் வழி. இதில் இரும்பின் மேல்பக்கம் நம் ராணுவத்து முத்திரை பளிச்சென்று இருக்கிறது. எதிரியிடமிருந்து பிடித்ததில் பழைய முத்திரையைக் குறுக்கே கோடு வெட்டிவிட்டுப் பக்கத்தில் நம்முடையதை அடித்திருப்பார்கள். நான் பார்த்தவையெல்லாம் அப்படித்தான். இதில் கோடும் இல்லை, பழைய முத்திரையும் இல்லை.

அப்படியென்றால் இது முதலிலிருந்தே நம்முடையது! ஓய்வுபெறும் நாளில் கிடங்கிலிருந்து ஏதோ ஒரு பழைய துப்பாக்கியை எடுத்து மாலை போடாத குறையாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள். மாமா அதை அந்தப் பையனுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். பாவம்.

முத்திரை இருக்கும் இடத்தில் இரும்பு லேசாகப் பள்ளமாக விரலுக்குப் பட்டது. தேய்மானம். துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும்தான். திருகாணி துருப்பிடித்து அசையவில்லை. அருங்காட்சியகப் பட்டறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவரிடம் சொன்னேன். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும், அவளுடைய மாமனார் மாமியாரோடு சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாமா பாலத்துக்குப் போய்விட்டார். பையன் எதிரே வந்து நிற்கும் இடம் வந்தபோது இவர், "அப்பா, அது யாரு துப்பாக்கின்னு உங்க மருமககிட்டயே கேளுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சை மாற்றியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். எனக்கு வாய் நமநமத்தது. சம்பந்தி வேறு "நீங்கதான் இதுல பெரிய ஆளாச்சே" என்று சொல்லிவிட்டாரா, தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, முத்திரையைக் காட்டி, பார்வையாளர்களுக்கு விளக்குவதுபோல் விளக்கினேன். நம்முடையதுதான், எதிரியுடையது இல்லை, சந்தேகமே வேண்டாம் என்றேன். "சந்தேகமே வேண்டாம்" என்று நானா சொன்னேன்? நான்தான்.

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. மாமா துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ படிச்சவம்மா. உனக்குத் தெரியாததா" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

கடிகாரத்துக்குக் கீழே இருந்த ஆணியை மாமாவே பிடுங்கிவிட்டார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி என் கைப்பையின் பக்கத்தில் வைத்திருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மாமா மெதுவாகப் படியேறி வந்தார். வந்து கொடியில் கிடந்த துண்டை நேராக்கினார். பிறகு கேட்டார்.

"அது அவனோடது இல்லேன்னா, அவன் கீழ வெச்சது எதும்மா?"

வேறொன்றாக இருக்கும் மாமா, இது பரிசாகக் கொடுத்தது, கதை கதைதான் என்று சப்பைக்கட்டுக் கட்டினேன். அவர் காதில் வாங்கவில்லை.

"அந்தச் சண்டையில எனக்கு நிறைய ஞாபகம் இல்ல. சத்தம்தான் ஞாபகம். அவனைச் சுடலேங்கறதை மட்டும் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நிச்சயமா வெச்சிருந்தேன். அவன் வெச்சான், இதோ இருக்குன்னு. இப்ப இதுவே வேறன்னா..." என்று நிறுத்தினார். "சுட்டுட்டுத்தான் சுடலேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனோ என்னவோ."

என் கையில் ஈரத்துணி. அதைப் பிழிந்துகொண்டே நின்றேன். ஏற்கெனவே பிழிந்த துணி.

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன். ஒரு துப்பாக்கி யாருடையது என்று சொன்னதாகத்தானே நினைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. இவரும் இப்போது சிரிப்பதில்லை. விளையாட்டுக்குத்தானே கேட்டேன் என்கிறார். வாயைத் திறந்தவள் நான், அவரைச் சொல்லி என்ன.

ஒன்றை எழுதியே ஆகவேண்டும். நாளைக்கே பட்டறையில் திருகாணியைக் கழற்றச் சொல்லலாம். சொல்லவில்லை. இரண்டு நாளாகத் தள்ளிப்போடுகிறேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் மாமாவுக்கு நிம்மதி. சரியாக இருந்தால் எனக்கு மரியாதை. மனசு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. சீ.

மார்ச் 27, வியாழன்

பட்டறை அண்ணன் எண்ணெய் விட்டு ஊறவைத்து, "உங்க வீட்டு மாப்பிள்ளை ரொம்ப முறுக்கு" என்று திருகாணியைத் திட்டிக்கொண்டே கழற்றினார். கட்டை பிரிந்து வந்தது. குழலைத் திருப்பினேன்.

எதிரி ராணுவத்து முத்திரை. சின்னதாக, துரு படாமல், நேற்று அடித்த மாதிரி. பக்கத்தில் வரிசை எண். மேலே இரும்பில் இருக்கும் அதே எண். ஆக, குழல் மாற்றியதும் இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து மேல்பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் பழைய முத்திரையின் அடிக்கோடு மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தக் கிடங்கில் கோடு வெட்டவில்லை, அரத்தால் முழுசாகத் தேய்த்துவிட்டு நம்முடையதை அடித்திருக்கிறார்கள். தேய்மானம் என்று நான் எழுதினேனே, அது.

கட்டையைக் கழற்றாமல் வாயைத் திறக்காதே. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. சொல்லும்போது விரலை வேறு ஆட்டுவேன்.

சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். பட்டறை அண்ணன் பயந்துபோனார். அப்புறம்தான் உறைத்தது. மாமா பதினைந்து நாளுக்கு மேலாக அந்தப் பையனைக் கொன்றுகொண்டிருக்கிறார். முந்திரிக்கொட்டை நான்.

மார்ச் 28, வெள்ளி

மாமாவைப் பட்டறைக்கே அழைத்துப்போனேன். நாற்காலி போட்டு, விளக்கைச் சரிசெய்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். நான் பார்த்தது தப்பு மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி, இது அவனுடையதேதான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. பட்டறை அண்ணன் வெளியே போய்விட்டார்.

மாமா நெடுநேரம் பார்த்தார். குழலைத் தடவினார். சுற்றியிருந்த உளிகளையும் சுத்தியலையும், வரிசையாக அடுக்கியிருந்த எண் அச்சுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக,

"இதெல்லாம் இங்கயே அடிப்பாங்களாம்மா?" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், நான் இதில் எதையும் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். குழந்தைகள் மேல் ஆணையிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"அன்னிக்கு நீ சொன்னப்போ உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். பொய் சொல்றவ முகம் அப்படி இருக்காது. இன்னிக்கு அழறே. எனக்காக நீ இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேணாம்மா."

ஏப்ரல் 5, சனி

எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னேன். படங்களைக் காட்டினேன். நாத்தனார் என்னை முறைத்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தி கைதட்டினார். இவர் எழுந்துபோய் அப்பாவின் காலருகில் உட்கார்ந்து, பாலத்துக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இவர் அப்படிக் கேட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

மாமா சிரித்தார். "அதான் உங்களுக்கெல்லாம் தெரியுமே" என்றார். சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ராணுவத்துக்கு எழுதலாம், கைதிகளின் விவரம் ஏதாவது கிடைக்கும் என்றேன். வேண்டாம்மா, விட்டுடு என்றார். அவன் பெயர் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயப்படுகிறாரோ? நானும்தான் பயப்படுகிறேன். எழுதவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

விவர அட்டை எழுதிமுடித்தேன். தயாரித்த நாடு, இரண்டு முத்திரைகளும் வந்த வரிசை, கிடங்கில் தேய்த்தது, எல்லாம். இயக்குநர் நீளம் என்று கடைசி இரண்டு வரிகளை வெட்டப் பார்த்தார். நான் விடவில்லை, சண்டையே போட்டேன். "இதை வைத்திருந்த இளம் சிப்பாய் பாலத்தருகே ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்தான். அவனைச் சுடாமல் விட்டவர் இதை வழங்கியிருக்கிறார்." வாழ்க்கையில் எத்தனையோ அட்டை எழுதியிருக்கிறேன். இவ்வளவு சரிபார்த்து எதையும் எழுதியதில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆயுதக் கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. மாமா தினமும் நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறாரே, பூங்காவுக்குத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். அருங்காட்சியகத்துக்குத்தான் வருகிறாராம். வாசல் காவலாளி இன்று என்னைப் பார்த்ததும் நிறுத்திச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாராம். யாராவது அட்டையைப் படித்தால் எழுந்து பக்கத்தில் போய் நிற்பாராம்.

"அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பாரு மேடம். அப்புறம் கடைசி ரெண்டு வரியக் காட்டி, 'இதை எழுதினது என் மருமக. எம்மேல இருக்கற பாசத்துல எழுதியிருக்கா, பெருசா எடுத்துக்காதீங்க'ன்னு சொல்லுவாரு. எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றாரு."

சொல்லிவிட்டு, என் மாமனாருக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் என்று காவலாளி சிரித்தார். ஆமாம் என்றேன். அவர் கதவைத் திறந்துவிட, வேலைக்கு உள்ளே போனேன்.